தரமணி என்றால் ஐ.டி. மட்டும்தானா?

வணக்கம் மக்களே. அடுத்து தரமணி போகிறேன் என்று போன வீடியோவில் சொன்னதும் எந்தக் கம்பெனி, எத்தனாவது மாடி, கேன்டீன் எப்படி என்று கேள்விகள் குவிந்துவிட்டன. படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி பாலிடெக்னிக் வளாகத்துப் பக்கம் வந்து பாருங்கள், பழைய புத்தகம், கணிதம், நெல் என்று அடுத்தடுத்த குறுக்குத் தெருக்களில் ஆராய்ச்சி நடக்கிறது.

அதற்கு முன்னால் ஆட்டோ பிடித்த கதை. மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை பறக்கும் ரயிலில் 5 ரூபாய். ஸ்டேஷன் வாசலிலிருந்து, மிஞ்சிப்போனால் 2 கிலோமீட்டர், அதற்கு 180 ரூபாய்! மீட்டர் போடுங்கள் அண்ணா என்றால், "ரிப்பேர் தம்பி" என்கிறார். 150 என்றார், 120 என்றார், நான் 60க்கு மேல் ஒரு பைசா ஏறவில்லை. கடைசியில் 60க்கே வண்டியை எடுத்தார். மீட்டர் போடாத ஆட்டோ எனக்கு எவ்வளவு பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும், அதனால் இது பெரிய வெற்றி.

சரி, முதலில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை, புத்தகம் மட்டுமல்ல, பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரை. அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் இங்கேயே நூலகமாக்க வழி செய்தது. 1994ல் தொடங்கியது. அந்த முடிவுக்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

உள்ளே ஒரு மேஜையில் பழுப்பேறிய ஒரு தாள். ஓரம் தொட்டால் உதிர்கிறது. அதன் மேல் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்து, பசையில் தோய்த்த தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவுகிறார்கள். பக்கத்தில் ஒரு மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிக் கையால் கற்றுக்கொடுக்கும் பாடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆங், முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன். இதே நூலகத்தில்தான் சிந்துவெளி ஆய்வு மையம் இருக்கிறது, 2007ல் ஐராவதம் மகாதேவன் தொடங்கியது. ஐ.ஏ.எஸ். அதிகாரி, தினமணி ஆசிரியர், கல்வெட்டு அறிஞர், எல்லாம் ஒரே மனிதர். சிந்துவெளி முத்திரைகளில் இருக்கும் குறிகளை 417 என்று வகைப்படுத்தி, எது எங்கே, எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று அட்டவணை போட்டு 1977ல் வெளியிட்டார்.

இப்போது பக்கத்துத் தெருவுக்கு வாருங்கள். கணித அறிவியல் நிறுவனம், 1962ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் அவர்கள் பிழைப்பு, சிந்துவெளிக் குறிகளுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்றுதானே கேட்பீர்கள்? இங்கே பணியாற்றிய இயற்பியலாளர் ரோனோஜோய் அதிகாரி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் கணினி அறிஞர் ராஜேஷ் ராவ், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து நிஷா யாதவ், மயங்க் வாஹியா, கூடவே மகாதேவன், இவர்கள் சேர்ந்து 2009ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். தரவு எது? அந்த 1977 அட்டவணைதான்!

கேள்வி எளிது. இதுவரை யாராலும் படிக்க முடியாத அந்தக் குறிகள் ஒரு மொழியின் எழுத்தா, வெறும் சின்னங்களா? தமிழில் 'ங்' வந்தால் அடுத்து அநேகமாக 'க' வரிசைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 'க' வந்தால் அடுத்தது பல எழுத்துகளில் ஒன்றாக இருக்கலாம், ஆனால் எல்லாமே சம அளவில் வராது. ஒரு குறியைப் பார்த்து அடுத்ததை எவ்வளவு ஊகிக்க முடியும் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. பழந்தமிழ், சுமேரியம், ரிக்வேத சமஸ்கிருதம், ஆங்கிலம் இவற்றையும், இன்னொரு பக்கம் டி.என்.ஏ., ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் போன்றவற்றையும் அளந்து பார்த்ததில், சிந்துவெளிக் குறிகள் மொழிகளோடு போய் நின்றன.

உடனே படித்தாயிற்று என்று குதிக்காதீர்கள், ஒரு சொல்லைக்கூட அந்தக் கட்டுரை படித்துக்காட்டவில்லை. அது எழுத்தே இல்லை என்று 2004லேயே ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதியிருந்தார்கள், இந்தக் கணக்கையும் அவர்களில் மொழியியலாளரான ஸ்ப்ரோட் விடாமல் மறுத்தார். இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது. கல்வெட்டுக்காரர் கண்ணால் பார்த்துப் பிரித்ததை இயற்பியல்காரர் எண்ணிப் பார்க்கிறார், மொழியியல்காரர் அந்த எண்ணிக்கையே செல்லாது என்கிறார். ஒருவர் மட்டும் இருந்திருந்தால் கேள்வி இவ்வளவு கூர்மையாகி இருக்காது. சிந்துவெளி எழுத்தைப் படித்துக்காட்டுபவருக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த 10 லட்சம் டாலர் பரிசு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இதே பகுதிதான், நேரமாகிவிட்டதால் வாசலோடு சரி. உப்பு நீரில் வளரும் கண்டல் மரத்தின் மரபணுவை நெல்லுக்குள் கொண்டுபோகும் வேலையைச் செய்தவர்கள், அதற்குத் தனி வீடியோவே வேண்டும்.

அதற்கு முன்னால் அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் போகப்போகிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலையில் இருப்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே நான் என்ன கேட்கவேண்டும் என்று கீழே எழுதுங்கள், உங்கள் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்.