கிரேஸ்லேண்ட்: ஒரு குதூகல ஆல்பத்தின் மேல் ஏன் இத்தனை கோபம்?

[திரையில்: கேசட் உறை, பின்னணியில் டர்பன் கடற்கரைச் சாலை]

வணக்கம், டர்பனில் இருந்து பேசுகிறேன். இன்றைக்கு 1986 ஆகஸ்டில் வெளிவந்த, அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பத்தைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். இங்கே நம் இந்திய வம்சாவளி ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த், மெரிபேங்க் பக்கம் அந்தக் காலத்தில் இளவட்டமாக இருந்தவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒருவர் உடனே பாட ஆரம்பித்துவிடுவார், பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

முன்கதை சுருக்கமாக. 1983-இல் சைமன் போட்ட ஆல்பம் சரியாகப் போகவில்லை. அந்தச் சோர்வில் இருந்தவர் கைக்கு, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோ பக்கத்து அக்கார்டியன் பாட்டுகள் அடங்கிய ஒரு கேசட் வந்து சேர்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுக் கிறங்கிப் போய் 1985 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் வந்து இறங்குகிறார். உள்ளூர் ஸ்டிமேலா குழுவின் ரே பிரி கிட்டார் வாசிக்கிறார், பகிதி குமாலோ பேஸ் கிட்டார் வாசிக்கிறார். மெட்டும் தாளமும் முதலில் பதிவாகின்றன, வரிகள் அமெரிக்கா திரும்பிய பிறகுதான் வருகின்றன.

[திரையில்: ‘யூ கேன் கால் மீ ஆல்’ காணொளியில் இருந்து ஒரு காட்சி]

ஆல்பத்தின் ‘யூ கேன் கால் மீ ஆல்’ பாட்டு பிறந்த கதை இது. சைமன் போன ஒரு விருந்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் புலே அவர் பெயரை மாற்றி ‘ஆல்’ என்று கூப்பிட்டுவிட்டார். அதையே பிடித்துக்கொண்டு, நடுவயதில் தொப்பையையும் வெறுமையையும் பார்த்துப் புலம்பும் ஒருவனின் பாட்டாக்கிவிட்டார் மனிதர். காணொளியில் நெடுநெடுவென்று வளர்ந்த நடிகர் செவி சேஸ் வாயசைக்க, பாடியவரோ பக்கத்தில் முகம் தொங்க உட்கார்ந்திருப்பார். ரசிகர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. பிரிட்டனில் பாட்டு நான்காம் இடம் வரை ஏறியது, அமெரிக்காவில் முதலில் 44-ஐத் தாண்டவில்லை, மறுபடி வெளியிட்ட பிறகுதான் ஓரளவு மேலே வந்தது.

இப்போது ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டின் கடைசிப் பகுதியில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றுவிடும், ஒரே ஒரு பேஸ் கிட்டார் மட்டும் கடகடவென்று இறங்கி, இறங்கிய வேகத்திலேயே திரும்பி ஏறும். குமாலோ வாசித்தது முதல் பாதிதான், அதே துண்டின் டேப்பை ஒலிப்பதிவுப் பொறியாளர் தலைகீழாக ஓட்டி இரண்டாவது பாதியாக ஒட்டியிருக்கிறார். ஒட்டிய இடம் தெரியவே தெரியாது. சில நொடி விஷயம், ஆனால் இந்த ஆல்பத்தின் விளையாட்டுத்தனம் முழுக்க எனக்கு அந்த இடத்தில்தான் கேட்கிறது.

விமர்சகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 1986-இன் முதலிடம், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கிராமி விருதில் ஆண்டின் சிறந்த ஆல்பம். பாராட்டில் பெரும்பங்கு பாடலாசிரியருக்குப் போனது, தாளத்துக்கு உயிர் கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, கோபத்துக்கு வருவோம். நிறவெறி ஆட்சிக்கு எதிராக, வெளிநாட்டுக் கலைஞர்கள் யாரும் தென்னாப்பிரிக்காவுக்குப் போகக்கூடாது என்று ஐ.நா. 1980-இல் கேட்டிருந்தது. சைமன் யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்தார். வந்தவர் பாட்டில் நிறவெறி பற்றி ஒரு வார்த்தை நேராகச் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஏ.என்.சி. கட்சித் தலைவர் ஆலிவர் தாம்போவின் மகன் டாலி தாம்போ லண்டனில் எதிர்த்தார், பிரிட்டிஷ் இசைக்கலைஞர்கள் பில்லி பிராக், பால் வெல்லர், ஜெரி டாமர்ஸ் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். புறக்கணிப்பை மீறி தென்னாப்பிரிக்க உல்லாச விடுதியான சன் சிட்டியில் பாடிவிட்டு வந்த அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டட்டை ஆல்பத்தில் சேர்த்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

புறக்கணிப்பு என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1984-இல் நிறவெறி அரசு நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவை அமைத்துத் தேர்தல் வைத்தபோது, பதிவு செய்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். எங்கள் பெரியப்பா அன்றைக்கு வீடு வீடாகப் போய் ஓட்டுப் போடாதீர்கள் என்று சொன்னவர். அவருக்கு இந்த கேசட் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. “ஒருத்தனுக்கு விட்டுக்கொடுத்தா அடுத்தவனும் வருவான்டா” என்பார். அந்தப் பேச்சில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, வேலி ஒரு இடத்தில் திறந்தால் ஆடு எல்லாம் உள்ளே வந்துவிடும்.

ஆனால் வாசித்தவர்கள் தரப்பு என்று ஒன்று இருக்கிறதே! ரே பிரி கடைசி வரை இந்த ஆல்பத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நாடு கடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்கள் மிரியம் மகேபாவும் ஹியூ மசகேலாவும் 1987-இல் சைமனோடு ஜிம்பாப்வேயின் ஹராரே மேடையில் நின்றார்கள். வெளியே குரல் போகாமல் அடைத்துவைத்தால் அடிபடுவது முதலில் கறுப்பினக் கலைஞர்கள்தான் என்ற வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை.

[திரையில்: நேட்டால் வரைபடம், டர்பனும் லேடிஸ்மித்தும்]

நியூயார்க், லண்டன் ரசிகர்கள் இதைப் புத்தம்புது ஓசை என்று வியந்தார்கள். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் அப்படி இல்லை. ஆல்பத்தில் பாடிய, ஜோசப் ஷபலாலாவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ, வாத்தியம் இல்லாமல் குரலால் மட்டும் பாடும் ஜூலு குழு, இங்கே வானொலியில் பல வருஷமாக ஒலித்த குழு. டர்பன் பீட்ரிஸ் தெரு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சனிக்கிழமை ராத்திரி தொடங்கி விடிய விடிய இதே பாணிப் பாட்டுப் போட்டி நடக்கும், அங்கிருந்து நம் ஆட்கள் கடை வைத்திருந்த கிரே தெரு கூப்பிடு தூரம். அதனால் இங்கே பலருக்கு வந்த முதல் எண்ணம், அட, இது நம்ம ஊர் பாட்டாச்சே என்பதுதான். மம்பாசோ உலகம் சுற்றியது, அடுத்து சைமன் தயாரித்த அவர்களுடைய ஆல்பமும் கிராமி வாங்கியது.

1992 ஜனவரியில், ஐ.நா. தடையை விலக்கிய கையோடு, சைமன் ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் பாட வந்தார். மண்டேலா வரவேற்றார். அப்போதும் ஒரு தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அலுவலகத்தில் கையெறி குண்டு வெடித்தது.

இன்னொன்று, பாட்டு எழுதியவர் என்ற வரியை ஒவ்வொரு பாட்டுக்கும் பாருங்கள். ‘ஹோம்லெஸ்’ பாட்டுக்கு ஷபலாலா பெயர் இருக்கிறது, முதல் பாட்டுக்கு அக்கார்டியன் வாசித்த ஃபொரேரே மொட்லொஹெலொவா பெயர் இருக்கிறது. கடைசிப் பாட்டு எங்களோடது, எங்கள் பெயர் எங்கே என்று அமெரிக்காவின் லாஸ் லோபோஸ் குழு பல வருஷமாகக் கேட்கிறது. குமாலோவின் பேஸ் ஓடுகிற ‘ஆல்’ பாட்டில், எழுதியவர் என்று சைமன் பெயர் மட்டும்தான். கூலி நன்றாகவே கொடுத்தார், நியூயார்க் சங்கக் கூலியைப் போல மூன்று மடங்கு என்று சொல்வார்கள். கொடுக்கட்டும், அந்த இடத்தில் குமாலோ பெயரும் இருந்திருக்க வேண்டும்.