ஸ்விட்சைப் போட்டால் மோதிவிடாது

வணக்கம். இன்றைக்கு எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவைக்கும் இயந்திரம் பற்றி. சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது. அதனால் இன்றைக்குப் பாசிட்ரான் எல்லாம் பச்சை. பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எனக்கு எலக்ட்ரான் நீலம், பாசிட்ரான் சிவப்பு. மாற்றினால் கை ஓடாது. பேனாவைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன், முனையை வெந்நீரில் முக்கிப் பார்த்தேன். கடைசியில் அரை அம்பு விழுந்தது. பலகையின் கீழ் மூலையில் தெரிகிறதே, அதுதான். அழிக்க மனம் வரவில்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். நேற்று ஓர் அசைபடம் பார்த்தேன். இந்தப் பக்கம் எலக்ட்ரான், அந்தப் பக்கம் பாசிட்ரான், நடுவில் ஒரு மின்னல், அவ்வளவுதான்! அத்தனை எளிது என்றால் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு மோதல் இயந்திரக்காரர்கள் எதற்காகத் தூக்கம் கெட்டார்கள்? 1987இல் கட்டி முடித்தார்கள். அந்த மோதலில் பிறக்க வேண்டிய கனத்த துகளுக்குப் பெயர் இசட்; முதல் இசட் அகப்பட்டது 1989 ஏப்ரலில். ஆரம்பத்தில் துகள் கற்றை சொன்ன பேச்சைக் கேட்கவேயில்லை.

வட்ட இயந்திரம் இரக்கமுள்ளது. ஜெனீவா அருகே இருந்த லெப் என்ற வட்ட மோதல் இயந்திரத்தின் சுற்றளவு 27 கிலோமீட்டர். இந்தச் சுற்றில் மோதாத துகள் நொடிக்கு 11,000 தடவைக்கு மேல் திரும்பி வரும். நேர்கோட்டில் ஒரே வாய்ப்பு, தவறினால் குப்பை. பிறகு ஏன் நேர்கோடு? வளைத்தால் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். அதே வளையத்தில் ஆற்றலை இரட்டித்தால் இழப்பு 16 மடங்கு. அதனால் நேராக ஓட்டி, கற்றையைச் சில மைக்ரான் அகலத்துக்குப் பிழிந்து, ஒரே வாய்ப்பிலேயே மோத வைத்தார்கள். தலைமயிர் அதன் பக்கத்தில் தூண்.

அத்தனை மெல்லிய இரண்டு கற்றைகள் நேருக்கு நேர் வருகின்றனவா என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று இழுக்கும் அல்லவா? ஒரு கற்றையைக் காந்தத்தால் மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்துகிறார்கள். மற்றது அதன் பக்கம் சாய்கிறது; கடந்து போனதும் எதிர்ப்பக்கம் சாய்கிறது. சாய்வு திசைமாறும் அந்தப் புள்ளியில்தான் இரண்டும் நேருக்கு நேர். கற்றைகளே ஒன்றையொன்று தடவிப் பார்த்து இடம் சொல்கின்றன! இதை நான் மூன்று தடவை வரைந்தேன். மூன்றையும் காட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயோ, தணிப்பு வளையத்தை விட்டுவிட்டேன். முடுக்குவதற்கு முன்பே இரண்டு கற்றைகளும் தனித்தனியே சிறு வளையத்தில் சுற்றி அடங்க வேண்டும்; அதுதான் தணிப்பு வளையம். தாறுமாறாகப் பரந்த கூட்டத்தைக் கடைசியில் எந்தக் காந்தமும் பிழிய முடியாது. இன்னொன்று, ஸ்டான்ஃபோர்டில் முடுக்கி ஒன்றுதான், 1966ஆம் ஆண்டின் மூன்று கிலோமீட்டர் பழசு. இரண்டு கற்றைகளும் அதில் ஒரே திசையில் ஓடி, முனையில் பிரிந்து, இரண்டு வளைவுகளில் ஒரே தடவை திரும்பி எதிரெதிரே வந்தன. அந்த வளைவுகள் எனக்குப் பிடிக்காது. மேடுபள்ளத்துக்கேற்ப காந்தங்களைச் சாய்த்து வைத்ததால், பக்கவாட்டு ஆட்டம் மேல்கீழ் ஆட்டமாகக் கசிந்து படாதபாடு படுத்தியது.

இத்தனைக்கும் பிறகு லெப்பை நாலு மாதம் முந்தினார்கள். லெப்பின் முதல் இசட் அந்த ஆகஸ்டில்தான்.

பாசிட்ரான் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேயில்லையே! வழியில் ஓர் எலக்ட்ரான் கொத்தைத் திருப்பி டங்ஸ்டன் கலந்த இலக்கில் அடித்தார்கள்; அதில் பிறந்த பாசிட்ரான்களைத் தனிக் குழாயில் முடுக்கியின் தொடக்கத்துக்கே அனுப்பினார்கள். எலக்ட்ரான் தடுமாறினால் சற்று நேரத்தில் பாசிட்ரானும் பட்டினி. அந்தத் திரும்பு பாதை என் படத்தில் இல்லை. பச்சையில் வரைகிறேன்... இருங்கள், மூலையில் இருக்கும் அரை அம்பு சரியாக அந்தத் திசையைத்தான் காட்டுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.