தன் பெயர் உள்ள காகிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறுவர்களைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்துவைக்க வேண்டும் என்று 1920-லேயே தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். இன்று குற்ற வழக்கில் சிக்கியவர்களில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு, விசாரணை முடியும்வரை தங்கக் கூர்நோக்கு இல்லங்களும் அதன்பின் சிறப்பு இல்லங்களும், அதற்கு மேல் 21-ஐ எட்டாதவர்களுக்குப் பார்ஸ்டல் பள்ளிகள் என்னும் சீர்திருத்தப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே எழுத்துக் கற்பிக்கச் செல்லும் நம்மில் பலர் ஒரு கட்டு நீதிக்கதைகளைச் சுமந்து செல்கிறோம். நல்லெண்ணம்தான், ஆனால் மீசை அரும்பிய ஒருவனிடம் அரிச்சுவடியையும் அறிவுரையையும் ஒருசேர நீட்டினால், "கண்ணு வலிக்குது சார்" என்று தள்ளி வைத்துவிடுவான். அவனுக்கு வலிப்பது கண் அன்று, மானம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுடைய பெயர், ஊர், பள்ளி எதையும் சொல்லமாட்டேன். அடையாளத்தை வெளியிடக்கூடாது என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. ஐந்தாம் வகுப்பு முடித்ததாகப் பதிவேட்டில் இருந்த அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பேருந்தில் எண்ணைப் பார்த்து ஏறுவான். மெக்கானிக் பட்டறையில் ஸ்பேனரின் மீதுள்ள அளவைப் பார்த்து எடுத்துக் கொடுப்பான். எண்கள் தெரியும், எழுத்துதான் தெரியாது. பெரியவர்களும் சேர்ந்த வழக்கு என்பதால் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தது. பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, அந்த அறிக்கையின் நகலையே அவன் முன் வைத்தேன். முதலில் தன் பெயரைக் கண்டுபிடித்தான், பிறகு அப்பா பெயரை, பிறகு தெருவை. வாரக்கணக்கில் அந்த ஒற்றைக் காகிதத்தோடுதான் உட்கார்ந்திருந்தோம். ஒருநாள் விரலை ஒரு வரியில் ஊன்றிக்கொண்டு, "சார், நான் எடுத்தது ஒரு வண்டிதானே, இதுல ரெண்டுன்னு போட்டிருக்கே?" என்றான்.

எது உண்மை என்பதை விசாரித்து முடிவுசெய்ய வேண்டியது இளைஞர் நீதிக் குழுமம். ஆனால் அதுவரை தன்னைப் பற்றி மற்றவர்கள் எழுதியதற்கெல்லாம் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவன், சட்ட உதவி வழக்கறிஞர் வந்தபோது தானே எழுந்து அந்த வரியைக் காட்டினான். அதனால்தான் சொல்கிறேன்: கற்பித்தல் அவனைப் பற்றிய காகிதத்திலிருந்து தொடங்கவேண்டும். வழக்குத் தாள், வாய்தா தேதி, வீட்டுக்கு எழுதும் கடிதம், கூலிச் சீட்டு ஆகியவைதான் அவனுக்கு முதல் பாடநூல். கதைப் புத்தகத்தை அவனே பிறகு கேட்பான். இவனும் கேட்டான், பேய்க்கதைதான் வேண்டும் என்றான், கொடுத்தோம்.

தேர்வுகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பத்தாம் வகுப்பைத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் முடிக்கலாம். வயது வந்தோராக விசாரிக்கப்பட்டவர்கள் நீங்கலாக, மற்றவர்களுக்குப் பழைய வழக்கு எதிர்காலத்தில் தகுதிக்குறைவாகாது என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு கூறுகிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒன்றே ஒன்று: மாற்றுச் சான்றிதழ் கேட்டு அப்படியொரு பையனின் தாய் வந்து நின்றால், நாளை வா என்று அனுப்பாதீர்கள், அவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். வணக்கம்.