தொட்டிக் கீசரே நம் வீட்டுக்கு உகந்தது: டர்பன் பட்டிமன்றத்தில் ஓர் அணியின் உரை

நடுவர் அவர்களே, டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். வெந்நீருக்கு, நீரைச் சூடாக்கிச் சேமித்து வைக்கும் தொட்டிக் கீசரா, நீர் ஓடும்போதே சூடாக்கும் தொட்டியில்லாச் சூடேற்றியா என்னும் வழக்கில், நம்பகத்திலும் செலவிலும் தொட்டியே மேல் என்பது எங்கள் அணியின் வாதம்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கைக் காட்டி, தொட்டியில்லாக் கருவி 24 முதல் 34 விழுக்காடு வரை சிக்கனமானது என்றார். கணக்கு சரியே. ஆனால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 155 லிட்டருக்குள் வெந்நீர் செலவிடும் வீட்டுக்கு உரியது. 325 லிட்டர் செலவாகும் வீட்டில் அந்த மேன்மை 8 முதல் 14 விழுக்காடுதான் என்று அதே துறை சொல்கிறது. தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என ஒரே கூரையின்கீழ் வாழும் நம் குடும்பங்கள் எந்த வரிசையில் சேரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, மின்சாரத்தில் இயங்கும் தொட்டியில்லாச் சூடேற்றியை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 8 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஓடும்போதே சூடாக்க 11 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். இங்கே பல வீடுகளுக்கு வரும் இணைப்பு 60 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது மொத்தம் 13.8 கிலோவாட். ஒருவர் குளிக்கும்போது அடுப்பையும் கெட்டிலையும் போட்டால் மெயின் சுவிட்சு விழுந்துவிடும். நம் ஆடி மாதம் இந்தத் தென்னாப்பிரிக்காவில் நடுக்குளிர்காலம் என்பதையும், ஜோஹன்னஸ்பர்க்கில் குழாய்நீர் டர்பனைவிடக் குளிர்ந்தே வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தேவை இன்னும் ஏறும். இணைப்பைப் பெரிதாக்கும் செலவு கருவியின் விலைச்சீட்டில் இருக்காது. தொட்டிக் கீசரோ 3 கிலோவாட் எலிமெண்டை வைத்துக்கொண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் 150 லிட்டரைச் சூடாக்கிவிடுகிறது.

எரிவாயுவில் இயங்குவது வேறு கதை என்பார்கள். லோட் ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் அது பல வீடுகளுக்குக் கைகொடுத்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும், பதிவு பெற்ற எரிவாயு வல்லுநரின் சான்றிதழ் இல்லாமல் அதைப் பொருத்த முடியாது. வீடு கைமாறும்போதும் புதுச் சான்றிதழ் வேண்டும். தலையில் சீயக்காயோடு நிற்கும்போது சிலிண்டர் தீர்ந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. நான்கு மணி நேர மின்வெட்டிலும், நன்கு போர்த்திய தொட்டியில் முன்பே சூடாகியிருந்த நீர் சில பாகைகளுக்கு மேல் ஆறாது.

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீடே வரிசையில் நிற்கும்போது தொட்டி வற்றிவிடாதா என்று கேட்டார்கள். 60 பாகையில் உள்ள 150 லிட்டரை, 20 பாகைத் தண்ணீரோடு கலந்தால், ஏட்டுக் கணக்கில் குளிக்கப் பதமான 300 லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு 40 லிட்டர் என்றால் ஏழு பேர் குளிக்கலாம். சிறிய தொட்டியில்லாக் கருவியில் இரண்டு குளியலறைக் குழாய்களை ஒன்றாகத் திறந்தால், இருவருக்கும் வெதுவெதுப்புத்தான் மிஞ்சும்.

கீசர் வெடித்துக் கூரைப்பலகை நனைந்த வீடுகள் உண்டு. இது எதிரணியின் வலுவான வாதம், அதை ஏற்கிறேன். ஆனால் தொட்டியை அரிப்பிலிருந்து காக்கும் மக்னீசியத் தண்டு தேய்ந்ததும் மாற்றுவது, அழுத்த வால்வைச் சோதிப்பது, அடியில் வடிதட்டு வைப்பது ஆகிய மூன்றையும் செய்தவர்களின் வீட்டில் இது எத்தனை முறை நிகழ்கிறது? தொட்டியில்லாக் கருவி 20 ஆண்டு உழைக்கும் என்பதும் பராமரிப்பை வைத்துச் சொன்ன பேச்சே. அதன் மின்னணுப் பலகை பழுதானால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கீசரின் எலிமெண்டும் தெர்மோஸ்டாட்டும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

பழைய 150 லிட்டர் கீசர் சும்மா இருந்தே நாளுக்கு ஏறத்தாழ 2.5 யூனிட் இழக்கிறது என்று கடைசியாக இடித்துரைத்தார்கள். தொட்டியைச் சுற்றும் வெப்பக்காப்புப் போர்வையும் டைமரும் அந்த இழப்பைக் குறைக்கும். தொட்டி இருந்தால் சூரிய ஒளியையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நண்பகலில் கூரையிலுள்ள சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தை மாலைக் குளியலுக்கு எதில் சேமித்து வைப்பார்கள் என்பதை, பேட்டரியின் விலையையும் கணக்கில் சேர்த்து, அவர்களுடைய அடுத்த பேச்சாளர் சொல்லட்டும்.