மஞ்சள் வட்டத்தில் ஒரு சிலந்தி: கானாவின் பாதுகாப்பு அமைச்சகம்

வணக்கம் நண்பர்களே. வந்துவிட்டது! போன மூன்று வீடியோவிலும் "இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, அது இன்று காலை பதினொன்றரை மணிக்குத் தபாலில் வந்துவிட்டது. கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். பழைய ராணுவத் தோள்சின்னம்: மஞ்சள் வட்டத் துணி, நடுவில் கறுப்பு நூலில் ஒரு சிலந்தி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓரத்தில் நூல் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. பின்பக்கம் இன்னும் பழைய தையல் நூலே இருக்கிறது, அதை நான் தொடவே போவதில்லை.

விலையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். துணிக்கு 1,900 ரூபாய், தபாலுக்கு 1,450 ரூபாய். ஆமாம், துணிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது தபால் செலவு. அதற்கு மேல் சுங்கவரி 640 ரூபாய். பொட்டலம் வேறு 19 நாள் ஒரே ஊரில் முடங்கிக் கிடந்தது. தினமும் காலையில் எழுந்ததும் அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன், அதே ஊர்தான். இன்றைக்குக் கவரைப் பிரித்தபோது கை நடுங்கிவிட்டது, உண்மையாகவே.

சரி, இந்தச் சிலந்தி யார்? பெயர் அனான்சி. கானாவின் அகான் மக்களுடைய கதைகளில் வரும் தந்திரக்காரச் சிலந்தி. வானக் கடவுளிடம் இருந்த கதைகளையெல்லாம் தந்திரத்தால் வாங்கி வந்தது அதுதான் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போன 81-வது மேற்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவின் சின்னமும் இதுவே. மலையும் காடுமான கலடான் பள்ளத்தாக்கில் இவர்கள் சாப்பாடு, குண்டு எல்லாவற்றுக்கும் விமானம் மேலிருந்து போடுவதையே நம்பி நடந்தார்கள். மூட்டைகளைத் தலையில் சுமக்கத் தனிப் பிரிவே இருந்தது. கூடவே போன 82-வது பிரிவுக்குச் சின்னம் குறுக்கே வைத்த இரண்டு ஈட்டிகள். அந்தத் துணியையும் தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

இந்தத் துணிக்கும் இன்றைய தலைப்புக்கும் என்ன சம்பந்தம்? கானாவின் பாதுகாப்பு அமைச்சகம் இருக்கும் இடத்தின் பெயரைக் கேளுங்கள். தலைநகர் அக்ராவில், பர்மா கேம்ப். பர்மா! அதற்குள்ளேயே அரக்கான் என்று ஒரு படைமுகாம், அதுவும் பர்மாவில் உள்ள ஒரு பகுதியின் பெயர். கானாவின் தகோராடி நகரில் மியோஹாங் முகாம். மியோஹாங் என்பது 1945 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கப் படைகள் பிடித்த அரக்கான் நகரம். ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் தினமும் அலுவலகம் போகும் வழியெல்லாம் இன்னொரு கண்டத்தின் ஊர்ப்பெயர்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. போரிட்ட இடத்தை மறக்கவில்லை பாருங்கள்.

பர்மாவிலிருந்து திரும்பி வந்த வீரர்களுக்கு என்ன கிடைத்தது? அப்போது கானாவின் பெயர் கோல்ட் கோஸ்ட், பிரிட்டிஷ் காலனி. 1948 பிப்ரவரி 28-ஆம் தேதி முன்னாள் வீரர்கள் தங்கள் குறைகளை எழுதிய மனுவோடு ஆளுநர் இருந்த கோட்டையை நோக்கி அமைதியாக நடந்தார்கள். போலீஸ் சுட்டது. சார்ஜென்ட் அட்ஜெடே, கார்ப்பரல் அட்டிபோ, பிரைவேட் ஒடார்டே லாம்ப்டே என மூன்று பேர் செத்தார்கள். அக்ரா பற்றி எரிந்தது. அங்கிருந்து ஒன்பதே வருடத்தில், 1957 மார்ச் 6-ஆம் தேதி, சுதந்திரம்.

இப்போது எனக்கு எரிச்சல் வந்த விஷயம். போன வீடியோவுக்குக் கீழே ஒரே மாதிரியாக முப்பது நாற்பது பேர்: "ஆப்பிரிக்கா என்றாலே ராணுவ ஆட்சிதானே, இதில் அமைச்சகம் வேறயா?" இப்படி ஒரே வரியில் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்காது. கானாவின் பாதுகாப்பு அமைச்சர் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் பாருங்கள், அந்த நாட்டின் கதையே தெரியும்.

சுதந்திர கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ரூமா காலத்தில் அமைச்சர் கோஃபி பாகோ, அரசியல்வாதி. ஆனால் ராணுவத்தின் தலைமையில் முதலில் பிரிட்டிஷ் அதிகாரிகள்தான். மேஜர் ஜெனரல் ஹென்றி அலெக்சாண்டரை 1961 செப்டம்பரில் நிக்ரூமா நீக்கினார். நிற்க, ஒன்றை விட்டுவிட்டேன்! 1959-ல் கானா விமானப்படை தொடங்கியபோது அதற்கு முதல் தளபதி யார் தெரியுமா? நம் இந்திய விமானப்படையின் ஏர் கமடோர் ஜஸ்வந்த் சிங். இந்திய, இஸ்ரேலியப் பயிற்சியாளர்கள்தான் அங்கே ஆரம்பத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இதற்கே தனி வீடியோ போடுகிறேன்.

சரி, 1966. நிக்ரூமா தனக்கென்று ஒரு தனிக் காவல் படையை வளர்த்ததும், அதற்கு வசதிகள் கூடுதலாகப் போனதும் மற்ற ராணுவத்தினருக்குப் பொறுக்கவில்லை. பிப்ரவரி 24-ஆம் தேதி, அவர் வெளிநாட்டில் இருந்தபோது, கர்னல் கோட்டோகாவும் மேஜர் அஃப்ரிபாவும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். உடன்பட மறுத்த மேஜர் ஜெனரல் பார்வாவை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருடமே இன்னொரு கவிழ்ப்பு முயற்சி, அதில் கோட்டோகாவும் செத்தார்.

1969-ல் தேர்தல், பிரதமர் புசியாவின் ஆட்சி. மூன்று வருடம்கூட ஓடவில்லை. 1972 ஜனவரி 13-ல் கர்னல் அச்சம்பாங் ஆட்சியைக் கவிழ்த்து வந்தார், பாதுகாப்பு அமைச்சகத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆட்சித் தலைவரே பாதுகாப்பு அமைச்சர் என்றால் யார் யாரைக் கேள்வி கேட்பது? 1979 ஜூன் 4-ல் விமானப்படை அதிகாரி ராவ்லிங்ஸ் பக்கம் ஆட்சி போனது, அதுவும் கவிழ்ப்புதான். அந்த ஒரே மாதத்தில் எட்டு மூத்த அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் அச்சம்பாங், அகுஃபோ, அஃப்ரிபா மூவரும் நாட்டை ஆண்டவர்கள்.

இதோடு வீடியோவை நிறுத்திவிட்டால் அந்த முப்பது பேர் சொன்னது சரி என்றாகிவிடும். நிறுத்தக் கூடாது. 1992 அரசியலமைப்புக்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். ஆயுதப்படைக் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர் துணைக் குடியரசுத் தலைவர், பாதுகாப்பு அமைச்சர் அதில் ஓர் உறுப்பினர். 2025 ஜனவரியிலிருந்து அந்தப் பொறுப்பு பேராசிரியர் ஜேன் நானா ஒபோகு-அக்யெமாங்கிடம் வந்தது. நாட்டின் முதல் பெண் துணைக் குடியரசுத் தலைவர் அவர்.

அமைச்சர்கள்? 2001-ல் வந்த குவாமே அட்டோ-குஃபோர் ஒரு மருத்துவர். அன்றைய குடியரசுத் தலைவரின் தம்பி என்பதால் அப்போது விமர்சனமும் இருந்தது. 2009-ல் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஜோசப் ஹென்றி ஸ்மித். 2017-லிருந்து எட்டு வருடம் டொமினிக் நிட்டிவுல். இத்தனைக்கும் நடுவில் 2001, 2009, 2017, 2025 என நான்கு முறை ஓட்டுப்பெட்டியால் ஆட்சி கைமாறியது, பர்மா கேம்ப்பிலிருந்து ஒரு கவச வண்டிகூட அதைத் தடுக்க வெளியே வரவில்லை.

2025-ல் வந்தவர் எட்வர்ட் ஒமானே போவாமா. இவரும் மருத்துவர். அந்த வருடம் ஆகஸ்ட் 6-ஆம் தேதி காலை அக்ராவிலிருந்து ஒபுவாசிக்கு விமானப்படையின் இசட்-9 ஹெலிகாப்டரில் கிளம்பினார். சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களைப் பற்றிய நிகழ்ச்சி. வழியில் அஷாந்தி பகுதிக் காட்டில் ஹெலிகாப்டர் விழுந்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் இப்ராஹிம் முர்தலா முகமது, படையினர் என மொத்தம் எட்டுப் பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. போவாமா ஏழு மாதம்கூட அமைச்சராக இருக்கவில்லை. செய்தி வந்த அன்று இரவு நான் எதையும் பதிவு செய்யவில்லை, பலர் கேட்டீர்கள், அதனால்தான். நிதியமைச்சர் அட்டோ ஃபோர்சன் அமைச்சகத்தைத் தற்காலிகமாகக் கவனித்துக்கொண்டார்.

அப்புறம், சிலந்தியைப் பற்றி ஒன்று மறந்தே போனேன். இதைத் தோளில் தைக்கும்போது தலை கீழே பார்த்தபடி தைப்பார்களாம். தலைகீழாகத் தைத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். வீரர் துப்பாக்கியை நீட்டிக் குறிபார்க்கும்போது கை முன்னால் போகும், அப்போது சிலந்தியும் முன்னால் பார்க்கும். இருங்கள், என் சட்டையில் வைத்துக் காட்டுகிறேன். இப்படி. கையை நீட்டுகிறேன். பார்த்தீர்களா?