‘உன்னை வீட்டுக்கு அனுப்புகிறேன்’: ஆங்கிலச் சொல்லும் தமிழ்ப் பொருளும்

(சிங்கப்பூரில் ஒரு நூலக அரங்கில் சனிக்கிழமை மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, வேலை முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

என் மாலை வகுப்புக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வருவார். கட்டுமானத் தளத்தில் வேலை. சிங்கப்பூருக்கு வந்த மூன்றாம் வாரம், ஓர் இரவு மிகைநேர வேலை முடிய மணி பத்தாகிவிட்டது. ஆட்களை ஏற்றிச் செல்லும் லாரி போய்விட்டது. மேற்பார்வையாளர் அவர் தோளைத் தட்டி, ‘ஐ வில் சென்ட் யூ ஹோம்’ என்றார். தம்பிக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஊரில் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்து, ‘நான் என்ன தப்பு செய்தேன் சார்?’ என்று கைகூப்பி நின்றிருக்கிறார். அந்த மனிதர் சொன்னதோ, ‘என் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்’ என்பதுதான்.

‘சென்ட்’ என்றால் ‘அனுப்பு’ என்று படித்து வந்தவர் இப்படிப் பயந்ததில் பிழையே இல்லை. பணத்தை அனுப்புகிறோம், கடிதத்தை அனுப்புகிறோம். நாம் கூடவே போவதில்லை. ஆனால் இந்த ஊர் ஆங்கிலத்தில் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதும் ‘சென்ட்’தான். இங்கிலாந்துக்காரரிடம் இதே பொருளில் சொன்னால் அவரும் ஒரு கணம் திகைப்பார்.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி மனப்பாடம் செய்யும் நோட்டுப் புத்தகத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். பொருளில் நெருங்கிய இரட்டை ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு தெரியாமல் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு அந்த நோட்டுதான் காரணம். தமிழில் அந்த வேறுபாடு இல்லாமல் இல்லை. நாம் தேடிப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

‘ஹியர்’, ‘லிசன்’ இரண்டுக்கும் ‘கேள்’ என்று எழுதிவைக்கிறோம். ‘ஆஸ்க்’ என்பதற்கும் அதே ‘கேள்’! பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? ரயில் நிலையத்தில் அறிவிப்பு ஒலிக்கிறது. ‘காதில் விழுந்தது’ என்று சொல்லிப் பாருங்கள், அது ஹியர். ‘காது கொடுத்துக் கேட்டேன்’ என்றால் லிசன். விழுவது தானாக நடப்பது, கொடுப்பது நாம் செய்வது. கண்ணுக்கும் அப்படியே. ‘கண்ணில் பட்டது’ என்பது சீ, ‘திரும்பிப் பார்த்தேன்’ என்பது லுக். கால்பந்தாட்டத்தைக் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பது வாட்ச். தொடக்கப்பள்ளி மாணவருக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ‘பிரிங்’, ‘டேக்’ இரண்டையும் மாற்றிப் போட்டுத் தேர்வில் மதிப்பெண் இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். நீங்கள் பாட்டியிடம் தொலைபேசியில் பேசுகிறீர்கள்: ‘பாட்டி, நாளைக்கு முறுக்கு கொண்டு வருகிறேன்.’ பேசி முடித்துவிட்டு அப்பாவிடம் சொல்கிறீர்கள்: ‘பாட்டி வீட்டுக்கு முறுக்கு கொண்டு போகிறேன்.’ அதே முறுக்கு, அதே பஸ், அதே வழி. கேட்பவர் மாறியதும் சொல் மாறிவிட்டது. ஆங்கிலமும் இங்கே அப்படியேதான் நடக்கிறது: பாட்டியிடம் பிரிங், அப்பாவிடம் டேக். இந்த விதியைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார்:

‘தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும்
தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த.’

தருவதும் வருவதும் என்னிடமோ உன்னிடமோ வந்து சேர்வன. செல்வதும் கொடுப்பதும் மூன்றாமவரை நோக்கியவை. மலையாளத்தில் தருவதற்கும் கொடுப்பதற்கும் உள்ள அந்த வேறுபாடு இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. நாம் ‘எனக்குக் கொடு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வா, போ நம்மிடம் அப்படியே நிற்கின்றன. அம்மா கூப்பிட்டால் ‘இதோ வருகிறேன்’ என்று ஓடும் குழந்தைக்குக் ‘கம்’ எங்கே, ‘கோ’ எங்கே என்பது ஏற்கெனவே தெரியும். ஒன்றே ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுங்கள். விடைபெறும்போது நாம் சொல்லும் ‘வருகிறேன்’ ஆங்கிலத்தில் செல்லாது. ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்லிவிட்டு வாசலை விட்டுக் கிளம்பினால், நண்பர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அடுத்து ‘பாரோ’, ‘லெண்ட்’. ‘லெண்ட் மீ’ என்று பேனா கேட்க வேண்டிய இடத்தில் ‘பாரோ மீ யுவர் பென்’ என்று நம் பிள்ளைகளும் சொல்கிறார்கள். இது தமிழிலிருந்து வந்த பிழை அன்று. மலாயில் ‘பின்ஜாம்’ என்ற ஒரே அடிச்சொல் இரண்டுக்கும் உதவும்; சீனத்தில் ‘ஜியே’ என்ற ஒரே சொல் இரு திசைக்கும் போதும். அந்த வழக்கம் வகுப்பறைக்குள் கலந்துவிட்டது. நாம் ‘இரவல் வாங்கு’, ‘இரவல் கொடு’ என்று திசையைப் பிரித்தே சொல்கிறோம். வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். முடிந்தது.

ஆனால் தமிழ் இங்கே ஆங்கிலத்தைவிடக் கூர்மையானது என்பதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. புத்தகத்தை வாங்கி அதே புத்தகத்தைத் திருப்பித் தந்தால் இரவல். அவசரத்துக்கு வட்டியில்லாமல் வாங்கும் சிறு தொகை கைமாற்று. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் அடுத்த வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கினால் அதே சர்க்கரையைத் திருப்பித் தர முடியாது, அதே அளவைத் தருகிறோம். அதற்கும் சொல் உண்டு. ‘வறியார்க்கொன் றீவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து’ என்ற குறளில் வரும் ‘குறியெதிர்ப்பை’ அதுதான். ஆங்கிலத்தில் இவை அத்தனைக்கும் பாரோ ஒன்றுதான்.

‘சேஃப்டி’, ‘செக்யூரிட்டி’ இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதுகிறோம். தலைக்கவசமும் இடுப்பு வாரும் சேஃப்டி. அவை விபத்திலிருந்து காப்பவை. வாயிலில் அட்டையைச் சரிபார்ப்பவர் செக்யூரிட்டி; கெட்ட எண்ணத்தோடு வருபவரைத் தடுப்பவர். இரண்டாவதற்குக் ‘காவல்’ என்ற நல்ல சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது.

‘ஹவுஸ்’, ‘ஹோம்’ பற்றிக் கேட்டு ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஹவுஸ் சுவரும் கூரையும் உள்ள கட்டடம். ஹோம் நாம் சேர்ந்த இடம். நான் தொடக்கத்தில் சொன்ன அந்தத் தம்பியைக் குழப்பியது சென்ட் மட்டும் அன்று. மேற்பார்வையாளர் ஹோம் என்று சொன்னது துவாசில் இருக்கும் தங்கும் விடுதியை. தம்பிக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனம் போய் நின்றது புதுக்கோட்டையில். ‘ஹோம் என்றால் தமிழில் என்ன?’ என்று பிறகு வகுப்பில் அவரையே கேட்டேன். வீடு என்று அவர் சொல்லவில்லை. ‘ஊர்’ என்றார்.