வாயை மட்டும் அசைத்த பிள்ளை

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்பில் பரிசளிப்பு விழாவுக்குக் கூட்டுப்பாட்டு. முதல் நாள் ஒத்திகையிலேயே ரீச்சர் என் முன்னால் வந்து நின்றார். “நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது” என்றார். அசைத்தேன். எனக்குச் சுருதி இல்லையென்று ஏழெட்டு வருடம் நம்பியிருந்தேன். இன்று மட்டக்களப்பில் சங்கீதம் படிப்பித்துத்தான் சீவிக்கிறேன்.

எந்த ஒலியைக் கேட்டாலும் இது இன்ன சுரம் என்று சட்டென்று சொல்லும் ஆட்கள் உண்டு. பத்தாயிரம் பேரில் ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மோட்சார்ட் அப்படிப்பட்டவர். ஆறேழு வயதுக்கு முன்பே இசை பழகியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சரி, நமக்கு இது வேண்டுமா? தாழ்ந்த சுருதியான ஒரு கட்டையில் பாடினாலும் அதைவிட உயர்ந்த ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் மோகன ராகம் மோகனம்தான். ‘ச’ இரண்டு முறை அதிரும் நேரத்தில் ‘ப’ மூன்று முறை அதிரும். காது பிடிப்பது இந்த உறவைத்தான். பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்ததும் பழந்தமிழிசைச் சுரங்களில் குரலுக்கு இளி என்ன முறை என்பது போன்ற உறவுகளைத்தான்.

அப்படியென்றால் சுருதி சேராமல் பாடும் பிள்ளைக்கு என்ன குறை? பெரும்பாலும் காதில் இல்லை. பிறவியிலேயே சுர வேறுபாடு பிடிபடாதவர்கள் நூற்றுக்கு நாலு பேர் என்று முன்பு சொன்னார்கள். பின்னர் வந்த கணக்கு அதையும் ஒன்றரையாகக் குறைத்துவிட்டது. மற்றவர்களுக்குக் கேட்கிறது, ஆனால் தொண்டை அங்கே போய்ச் சேரவில்லை.

என்னிடம் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று வந்தாள். பாட்டுக்கு ஆதார ஒலி தரும் சுருதிப்பெட்டியை என் குரலுக்கு, ஒரு கட்டையில் வைத்திருந்தேன். என்னைப் போலவே பாட முயன்று அடித்தொண்டையில் உறுமினாள். பிழை என்னுடையது. “நீ உனக்கு வசதியாய் ஒரு ‘ஆ’ சொல்லு, நான் அங்கே வாறன்” என்றேன். சொன்னாள். பெட்டியைத் திருகிக்கொண்டே போனேன். ஆறு கட்டைக்குப் பக்கத்தில் சேர்ந்தது. பிள்ளை சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். தன் குரல் அதற்குள் காணாமல் போனது போல அவளுக்குப் பட்டிருக்கிறது.

அப்புறம் தம்புராவை எடுத்தேன். அதில் ஒரே சுரத்துக்குக் கூட்டும் நடுத் தந்திகளான சாரணி இரண்டில் ஒன்றைச் சற்றுத் தளர்த்தி மீட்டினால் ஒலி அலை அலையாய் அடிக்கும். மெல்ல முறுக்க அலை நீளும், சேர்ந்ததும் நின்றுவிடும். நின்றதும் கை உயர்த்தச் சொல்கிறேன், பாடத் தேவையில்லை. கை உயர்த்தாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

நம் கூத்துக் களரியைப் பாருங்கள். மத்தளமும் சல்லரியும்தான், சுருதிப்பெட்டி கிடையாது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் படிக்கப் படிக்க, மாதக்கணக்காய்க் கேட்டே வயல்காரனும் கடற்றொழிலாளியும் பாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘உனக்கு வராது’ என்று முதல் நாளே யாரையும் அங்கே வாயை மூடச் சொல்வதில்லை. நாமோ முதல் வகுப்பிலேயே ‘ச ரி க ம’ என்று ஏறி இறங்கும் சரளி வரிசையை நீட்டிவிடுகிறோம்.

அந்தப் பிள்ளைக்குச் சரளி வரிசை தொடங்கப் பிந்தியது. தாய் வந்தார். கொஞ்சம் கோபம்தான்.

“என்ன சேர், ரெண்டு மாசமா ‘ச’ மட்டும்தானா?”

“ஓம் அம்மா” என்றேன். “‘ச’ மட்டும்தான்.”